மூன்றாம் மாடியின் செருப்பு

கண்ணாடிக்காரர் இணையத்தில் குழு தொடங்கிய இரண்டாம் மாதம், அவர் வீட்டு வாசலில் ஆளில்லாத செருப்புகள் வந்து சேர ஆரம்பித்தன. முதல் நாள் காலையில் மூன்று ஜோடி கிடந்தது. அவர் மனைவி விருந்தாளி வந்திருப்பதாக நினைத்து, நாற்காலியில் கிடந்த துணியை அள்ளி உள்ளே போட்டு, டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. தண்ணீர் கொதிப்பதற்குள் ஒரு ஜோடி காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் முட்டிவரை வரும் கனத்த பூட்ஸ் ஒரு ஜோடி, ஓரமெல்லாம் பனி ஒட்டியபடி நின்றது. அந்த ஊரில் அப்போது நல்ல வெயில். ஒரு வாரம் கவனித்ததில் விஷயம் பிடிபட்டது. குழுவில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் அவர் செருப்பு வாசலில் இருக்கும். புள்ளி அணைந்தால் செருப்பும் போய்விடும். காரணம் தெரிந்துவிட்டதால் மேற்கொண்டு பயப்பட ஒன்றும் இல்லை என்று இருவரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

கண்ணாடிக்காரருக்குப் பேச்சு திக்கும். சன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவதிலும் முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் போடுவதிலும் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அளவுகோலை வைத்து வைரமுனையை ஒரே இழுப்பாக இழுப்பார். கை தயங்கியதே கிடையாது. வாய்தான் தயங்கும். அதிலும் போனில் இன்னும் மோசம். நேரில் என்றால் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்தாவது புரிந்துகொள்வார். போனில் இவருக்கு 'ஹலோ' வெளியே வருவதற்குள், எவனோ விளையாடுகிறான் என்று திட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். அதனால் வீட்டோடு சேர்ந்த கடைக்கு வரும் போனையெல்லாம் மனைவிதான் எடுப்பார். அந்த அம்மாளுக்கு வாய் ரயில் வேகம். கணவர் முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்போதே மீதியை அவரே சொல்லி முடித்துவிடுவார். பாதி நேரம் கணவர் சொல்ல வந்தது அது இல்லை. ஆனாலும், அதை மாற்றுவதற்கு மறுபடி முதலிலிருந்து பேச வேண்டுமே என்று அவர் அதற்கே தலையாட்டிவிடுவார். அவர்கள் வீட்டிலிருக்கும் ஊதா நிற பீரோ அப்படி வாங்கியதுதான்.

குழுவுக்கு அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று. எழுத்து மட்டும், போன் கூடாது, குரல் பதிவும் கூடாது. பேச்சு திக்குகிறவர்கள் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து சேர்ந்தார்கள். சொந்தப் பெயரைச் சொல்வதுதான் அவர்களுக்கு உலகத்திலேயே கஷ்டமான காரியம் என்பதால் அதை யாரும் இங்கே கொண்டுவரவில்லை. ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் 'மைக் செட்' ஆனார். பூட்ஸுக்குச் சொந்தக்காரர் குளிர் நாட்டில் ரொட்டி சுடும் வேலையில் இருந்தார், அவர் 'ரேடியோ'. அப்புறம் 'ஒலிபெருக்கி', 'சொற்பொழிவு', 'கச்சேரி' என்று வரிசையாக வந்தார்கள். எழுத ஆரம்பித்தால் அவர்களை நிறுத்த முடியாது. இறங்க வேண்டிய இடத்தின் பெயர் வாயில் வராததால் அதற்கடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுத்து நடந்தே திரும்பியதை ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதினார். அதன் கீழே அடுக்கடுக்காக 'எனக்கும்', 'எனக்கும்', 'எனக்கும்' என்று வந்து விழுந்தது. அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, வெட்டி வைத்த கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து கண்ணாடிக்காரர் அழுதார். நாற்பத்தைந்து வயதுவரை, இப்படி ஒரு பிறவி தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தவர் அவர்.

ஆட்கள் கூடக்கூடச் செருப்பும் கூடியது. வாசல் நிரம்பி, படி நிரம்பி, பக்கத்து வீட்டுச் சுவர்வரை போயிற்று. அந்த வீட்டிலிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் மனு எழுதிப் போட்டார். அனுமதியில்லாமல் கூட்டம் நடத்துகிறார்களா என்று பார்க்க நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து தேடினார். "ஆளுங்கள எங்கம்மா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டதற்கு, "இவ்ளோ ஆளு இருந்தா நான் ஏங்க தனியாக் கெடந்து பாத்திரம் தேய்க்கறேன்?" என்றார் மனைவி. வந்தவர், 'செருப்பு உண்டு, கூட்டம் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பிறகு தெருவுக்கும் பழகிவிட்டது. வெயில் நாளில் பூட்ஸ் பனியோடு வந்தால் அங்கே இன்னும் குளிர் விடவில்லை என்று தபால்காரரே சொல்லுமளவுக்கு வந்தார்.

இந்தப் பட்டப்பெயர்க் கும்பலில் சத்தமில்லாத பெயர் ஒன்றுதான். அது 'மூன்றாம் மாடி'. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், படுக்கையோடு இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொண்டு, வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்யும் பெண் என்பதற்கு மேல் யாருக்கும் அவரைத் தெரியாது. ஆனால் அவர் அப்பா காலையில் என்ன சாப்பிட்டார், எந்தச் செய்திக்கு டிவியைத் திட்டினார், அவரை எப்போது புரட்டிப் படுக்க வைத்தாயிற்று என்பதெல்லாம் அத்தனை பேருக்கும் அத்துப்படி. குசும்பாக எழுதுவார். 'இன்று அப்பா என்னை ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கோபித்துக்கொண்டார், பதில் சொல்ல ஆரம்பித்தேன், நடுவில் தூங்கிவிட்டார்' என்று ஒருமுறை எழுதியதற்குக் குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அவருடைய செருப்பு பழுப்பு நிறம். இடது வார் அறுந்து நீல நூலால் தைத்திருக்கும். கண்ணாடிக்காரரின் மனைவிக்கு அந்தச் செருப்பின் மேல் ஒரு தனிப் பிரியம். வாசலைக் கூட்டும்போது அதை மட்டும் நகர்த்திச் சுவரோரம் வைப்பார்.

செருப்பு இந்த வாசலுக்கு வரும்போது சொந்தக்காரர் வீட்டில் காணாமல் போகிறது என்று கண்டுபிடித்தது ரேடியோதான். குழுவில் எழுதிக்கொண்டிருந்தபோது வேலைக்கு அவசர அழைப்பு வந்து, பூட்ஸைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டதாக எழுதினார். அதற்கும் ஏகப்பட்ட 'எனக்கும்'. அதன்பிறகு ஆளுக்கு இரண்டு ஜோடி வைத்துக்கொள்வது குழுவின் வழக்கமாயிற்று. வெளியே போகாதவளுக்கு எதற்கு இரண்டு என்று மூன்றாம் மாடி மட்டும் வாங்கவில்லை. இப்படியே வருஷங்கள் போயின. இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆனது, ஒருவருக்கு வேலை போய் இன்னொரு வேலை கிடைத்தது, கண்ணாடியின் விலை இரண்டு மடங்கானது. ஒருவர் குரலை ஒருவர் கேட்டதே இல்லை என்பதை அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அது ஒரு விடுமுறை நாள் மதியம். மனைவி ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தார். குழுவில் மூன்றாம் மாடியிடமிருந்து ஒரு வரி வந்தது: 'யாராவது இருக்கீங்களா, அவசரமாப் பேசணும்.' உடனே இருக்கோம், இருக்கோம் என்று பதில்கள் குவிந்தன. இதயக் குறிகள் வந்தன, பூக்கள் வந்தன. பேசணும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ரேடியோ, விதியை மீறினால் அபராதம் என்று கேலி செய்தார். கண்ணாடிக்காரரும் தன் பங்குக்கு, 'இங்கே எழுத்து மட்டும்தான், எழுதுங்க, படிக்கிறோம்' என்று சிரிக்கும் முகம் போட்டு அனுப்பினார். அனுப்பிய கையோடு கடை போன் அடித்தது. புதிய எண். என்றோ ஒருநாள் அவர் பெருமைக்காகக் குழுவில் போட்ட கடைப் பலகையின் படத்தில் அந்த போன் எண்ணும் தெருப் பெயரும் இருந்தன.

எழுதிய மும்முரத்தில், மனைவி இல்லாததை மறந்து எடுத்துவிட்டார். அந்தப் பக்கம் பேச்சு வரவில்லை. மூச்சு முட்டுகிற சத்தம் வந்தது, தொண்டை அடைத்துத் திறக்கப் பார்க்கும் சத்தம் வந்தது, மறுபடி அடைத்தது. வேறு யாராக இருந்தாலும் ஒன்றும் விளங்கியிருக்காது. கண்ணாடிக்காரருக்கு நொடியில் விளங்கிவிட்டது. அந்தச் சத்தத்தோடுதான் அவர் வாழ்நாள் முழுக்கக் குடித்தனம் நடத்தியிருக்கிறார். அது நம்ம ஆள், யாரோ பேச வருகிறார்கள் என்று தெரிந்தது. சொல்லுங்க என்று சொல்ல வாயைத் திறந்தார். அவருக்கும் வரவில்லை. இரண்டு பக்கமும் இரண்டு பூட்டிய வாய்கள். கண்ணாடிக்காரர் போனை வைத்துவிட்டார். வைத்துவிட்டு, எழுதினால் நன்றாக இருக்குமே என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டார். இதை எழுதும்போது எனக்கு அவர் மேல் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

அன்று முதல் மூன்றாம் மாடி ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தபடியே இருந்தது, பழுப்புச் செருப்பும் வாசலை விட்டு நகரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். அது மட்டும் கிடந்தது. புள்ளி எரிகிறதே, நம்மோடுதானே இருக்கிறார், நன்றாகத்தான் இருப்பார் என்று குழுவில் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். தினமும் காலையில் அவருக்கு வணக்கம் போட்டார்கள். வாரில் தூசி படிவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி ஒருநாள் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"செருப்பு இங்க கெடக்குதே, அப்போ அந்தப் பொண்ணு அங்க வெறுங்காலோடதான இருக்கு? இத்தன நாளா வாசல் தாண்டலயா? நீங்க யாரும் கேக்கலயா?"

கண்ணாடிக்காரர் பாதிச் சோற்றில் எழுந்தார். தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து மூன்றாம் மாடி எழுதினார். குசும்பு இல்லை, நீளமும் இல்லை. அப்பா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எனக்கு வார்த்தை வரவில்லை, விளையாடாதீர்கள் என்று வைத்துவிட்டார்கள். அண்ணனுக்குச் செய்தேன், லைன் சரியில்லை, அப்புறம் பேசு என்று வைத்துவிட்டான். ஒரு கையால் அப்பாவைத் தாங்கிக்கொண்டு குழுவில் ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. மூன்றாவதாக ஒருவருக்குச் செய்தேன். அவர் வீட்டில் நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்காக அவர்கள் பேசுவார்கள் என்று நினைத்தேன். அவரும் வைத்துவிட்டார். மாடி முழுக்கக் கதவைத் தட்டினேன், ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. கீழே ஓடி ஒருவரைக் கூட்டி வந்தபோது அப்பா இல்லை. வெறுங்காலோடுதான் அவரை வழியனுப்பினேன். முதல் இரண்டு பேர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அது பேச்சு என்று அவர்களுக்குத் தெரியாது. மூன்றாவது ஆளுக்குத் தெரியும். இவ்வளவுதான் எழுதியிருந்தது.

குழு கொதித்துவிட்டது. அதுவரை எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே யாருக்கும் தெரியாமலிருந்தது. அன்று ஒருவர் விடாமல் வந்ததில் செருப்பு தெருமுனைவரை போய், சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஆறுதல் ஒரு பக்கம் ஆறாக ஓடியது. இன்னொரு பக்கம், யார் அந்த மூன்றாவது ஆள், நம்மில் ஒருவனா, அவனைக் கண்டுபிடித்து வெளியே தள்ளுங்கள் மைக் செட் என்று ரேடியோ எழுத, ஆமாம் ஆமாம் என்று அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். கண்ணாடிக்காரர் போனைக் கையில் எடுத்தார். 'நான்' என்று எழுத 'ந' போட்டார். அடுத்த எழுத்துக்கு விரல் போகவில்லை. ந, ந, ந, ந என்று அதே எழுத்து திரையில் விழுந்துகொண்டே போனது. வாயில் இருந்த திக்கல் விரலுக்கு இறங்கிவிட்டது. வாழ்க்கையில் அவருக்குத் தங்குதடையில்லாமல் வந்த ஒரே பேச்சும் அன்றோடு போயிற்று.

மனைவி திரையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். மீதியைச் சொல்லி முடிக்க வாயெடுக்கவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அது முதல் தடவை. கண்ணாடிக்காரரே திக்கித் திக்கி முழுவதையும் சொன்னார். டீ ஆறிப் போகும்வரை சொன்னார். கேட்டு முடித்ததும் மனைவி அழுதார், அவரைத் திட்டினார், பிறகு மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "நான் பேசித் தரமாட்டேன். நீங்களே பண்ணுங்க" என்று போனை அவர் முன்னால் வைத்தார்.

அன்று வந்த அந்தப் புதிய எண்ணை அழுத்தினார். மணி அடித்த உடனே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். ஹலோ என்று யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முதல் எழுத்தோடு மல்லுக்கட்டினார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. வைக்கவில்லை. எவ்வளவு நேரமானாலும் வைக்கப்போவதில்லை என்பது அந்த மூச்சிலேயே தெரிந்தது. அவருக்கு அதுதான் தாங்க முடியவில்லை. கடைசியில், "ந… நா… நாந்தான்" என்றார். அந்தப் பக்கம் மெதுவாகப் போனை வைத்தார்கள்.

பிறகு, விரல் திக்கத் திக்க, ஓர் எழுத்துக்கு நூறு எழுத்து அழித்து, மூன்றாவது ஆள் நான்தான் என்பதைக் குழுவில் போட்டார். வாசலில் செருப்புகள் கொத்துக் கொத்தாக மறைந்தன. பூட்ஸ் முதலில் போயிற்று. விதி போட்டவனே விதியைக் காட்டித் தப்பித்தான் என்று சிலர் எழுதிவிட்டுப் போனார்கள். தங்குகிறவர்கள் தங்கினார்கள். அவர்களில் ஒருவர், என் போன் அன்று அடித்திருந்தால் எனக்கும் வைக்கத்தான் தோன்றியிருக்கும் என்று எழுதினார். அதன் கீழே வெகுநேரம் கழித்து ஒரே ஒரு 'எனக்கும்' வந்தது. யார் யாரைப் போனில் கூப்பிட்டாலும், பேச்சே வராவிட்டாலும், அந்தப் பக்கம் வைக்கும்வரை வைப்பதில்லை என்று அவர்கள் புதிதாக விதி எழுதிக்கொண்டார்கள். பழுப்புச் செருப்பு அதே இடத்தில் கிடந்தது. மழை வந்தபோது மனைவி அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடினார்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு வியாழக்கிழமை பகலில், ஒரு பெண் வந்து வாசலில் நின்றார். மனைவி முதலில் அவர் காலைத்தான் பார்த்தார். வெறுங்கால். பாதம் வெடித்திருந்தது, ஒரு விரலில் துணி சுற்றியிருந்தது. ரயிலும் பஸ்ஸும் ஏறி இறங்கிய அழுக்கு கணுக்கால்வரை இருந்தது. யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. "வாம்மா" என்று மட்டும் சொல்லி ஒதுங்கி நின்றார். அந்தப் பெண் சுவரோரம் தன் செருப்பு இருப்பதைப் பார்த்தார். காலில் கழற்றுவதற்கு ஒன்றும் இல்லாததால் நேரே உள்ளே வந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் குழுவிலிருந்து அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்த முதல் ஆள் அவர்தான்.

கண்ணாடிக்காரர் ஒரு பெரிய கண்ணாடியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். பாதிக் கோட்டில் கை நின்றது. அந்தப் பெண் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, வாயைத் திறந்தார். அன்றைக்குச் சொல்ல வந்ததைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். முதல் எழுத்து வரவில்லை. உதடு திறந்து நின்றது, கண் மூடிக்கொண்டது, தலை ஒரு பக்கமாக இழுத்தது. கண்ணாடிக்காரர் தரையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தெருவில் ஒரு லாரி வந்தது, போனது, பிறகு இன்னொன்றும் போனது.

"அ… அ… அப்பா கீழ விழுந்துட்டாரு" என்றார் அந்தப் பெண். "மூ… மூச்சு இருக்கு. உங்க வீட்டம்மாகிட்ட சொ… சொல்லி வண்டிக்குப் போன் பண்ணச் சொல்லுங்க."

அதன்பிறகு தெருப் பெயர், கட்டடத்தின் பெயர், மூன்றாம் மாடி, இடது பக்கம் இரண்டாவது கதவு என்று ஒன்று விடாமல் சொன்னார். ஒவ்வொன்றிலும் நின்று, திக்கி, மீண்டு சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது.

"ச… சரிம்மா" என்றார் கண்ணாடிக்காரர். "இ… இப்பவே சொல்றேன்."

மன்னிப்பு என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, அந்தப் பெண்ணும் எடுக்கவில்லை. அந்தப் பெண் மனைவி கொடுத்த டீயைக் குடித்தார். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தபோது கழுவிக்கொண்டார். வாசலுக்கு வந்து பழுப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டார். வார் விறைத்துப் போயிருந்ததால் இரண்டு மூன்று தப்படி நொண்டினார், பிறகு சரியாகிவிட்டது. தெருமுனை திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்கப்புறம் ஐந்து நாட்கள் மூன்றாம் மாடியின் புள்ளி எரியவில்லை, அந்த இடம் காலியாக இருந்தது. ஆறாம் நாள் காலை மனைவி கதவைத் திறந்தபோது செருப்பு வாசலில் இருந்தது. அடியில் எங்கோ நடந்துவிட்டு வந்த ஈர மண் அப்பியிருந்தது. மனைவி அதை எடுத்துப் படியில் தட்டி, மண்ணை உதறிவிட்டு, மற்ற செருப்புகளோடு வரிசையில் வைத்தார்.